பிந்தி விழுந்த முத்திரை

கிண்ணியா
23.01.2025

அன்புத் தங்கச்சி பஸ்னாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உன் மதினி அசனாவும் சுகம். அக்குறணையில் நீயும் மச்சான் சரீபும் மகள் ஸஹ்றாவும் அல்லாஹ்வின் காவலில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

கடிதத்தைக் கண்டு பயந்துவிடாதே. மௌத்துச் செய்தி எதுவும் இல்லை. என் போனின் மைக் பழுது. நீங்கள் பேசுவது எனக்குக் கேட்கும்; நான் பேசுவது உங்களுக்குக் கேட்காது. சீனன்குடா மா ஆலைக்குக் கோதுமைக் கப்பல்கள் அடுத்தடுத்து வருவதால், கப்பல் இழுக்கும் எங்கள் டக் போட்டை விட்டு இறங்கி அதைத் திருத்தக் கொடுக்க நேரம் கிடைக்கவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. டிசம்பரில் லீக் கப் கால் இறுதியில் உன் டொட்டன்ஹாமும் என் மன்செஸ்டர் யுனைடெட்டும் மோதிய அன்று, "இண்டைக்கு நாங்க தோப்பம்" என்று நீ வாட்ஸ்அப்பில் எழுதினாய். நீங்கள் 4-3 வென்றதும் அதை அழித்துவிட்டு, "நான் அப்பவே சொன்னனான்" என்றாய். ஒரு கணித ரீச்சர் செய்கிற வேலையா இது?

ஆகவே பழைய சட்டத்துக்குத் திரும்புவோம். நீ ஆசிரியர் கலாசாலையில் இருந்தபோது செய்ததுபோல, உதைபந்தாட்டக் கதை எல்லாம் தபாலில் மட்டும். ஒவ்வொரு கடிதத்திலும் ஒரு கணிப்பு இருக்க வேண்டும். உறையில் விழும் திகதி முத்திரைதான் சாட்சி. ஆட்டம் தொடங்கியபின் முத்திரை விழுந்தால் கணிப்பு செல்லாது. முத்திரை குத்திய எழுத்தை யாராலும் அழிக்க ஏலாது.

முதல் கணிப்பு: நாங்கள் இப்போது லீக்கில் பதின்மூன்றாவது, நீங்கள் பதினைந்தாவது. நாங்கள் முதல் பத்துக்குள் வருவோம். ஐரோப்பா லீக் கிண்ணத்தையும் எடுப்போம். பதினேழு வருடமாகக் கிண்ணம் காணாத உன் ஆட்கள் இந்த வருடமும் காணமாட்டார்கள்.

மருமகளுக்கு என் முத்தம். வஸ்ஸலாம்.

உன் காக்கா,
முனீப்


அக்குறணை
02.02.2025

அன்புள்ள காக்காவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். உங்கள் கடிதத்தைக் கொண்டுவந்த தபால்காரர், "ரீச்சர், இது பில் இல்லை, உண்மையான கடிதம்" என்று சொல்லித் தந்தார். எல்லோரும் சுகம். எனக்கு மட்டும் தடிமன். அது இந்த ஊர்க் குளிருக்கு வழமை.

சட்டத்துக்குச் சம்மதம். அழித்தது உண்மைதான். ஆனால் காரணத்தையும் கேளுங்கள். வாப்பா டோஹாவிலிருந்து இரண்டு ஜேர்சி கொண்டுவந்தபோது சிவப்பைப் பறித்துக்கொண்டு ஓடியவர் நீங்கள். மிச்சம் இருந்த வெள்ளையை நான் போட்டேன். அன்றிலிருந்து தோற்றுக்கொண்டே இருக்கிறேன். தோல்வியை முதலே சொல்லி வைத்தால் மனம் கொஞ்சம் தாங்கும்.

இந்த முறை அப்படிச் சொல்லப் போவதில்லை. லீக்கில் நாங்கள் மோசம்தான். ஆனால் ஐரோப்பா லீக் முதற் சுற்றில் முப்பத்தாறு அணிகளில் நீங்கள் மூன்றாவது, நாங்கள் நான்காவது. லீக் என்றால் முப்பத்தெட்டு ஆட்டம். காயக்காரர் நிறைந்த அணி அதில் தாங்காது. ஐரோப்பாவில் இனி ஏழே ஏழு ஆட்டம். ஏழு நாள் நல்லாக விளையாட எந்த அணிக்கும் ஏலும். லீக்கை விட்டுவிட்டு ஐரோப்பாவைப் பிடிக்க வேண்டும் என்பது என் கட்சி.

கணிப்பு: ஐரோப்பா லீக், டொட்டன்ஹாம். சிரிக்க வேண்டாம்.

ஸஹ்றா உங்களைத் தேடுகிறாள். அவள் சாப்பிடும்போது நீங்கள் அனுப்பிய குரல் பதிவை இன்னும் போட்டுக் கேட்கிறாள்: "இதோ ஸஹ்றா இடது பக்கத்தால முன்னேறுறா, முட்டையைத் தாண்டிட்டா, முன்னால கத்தரிக்காய் மட்டும்தான், அடிக்கிறா, கோ…ல்!" புதிதாக ஒன்று வேண்டுமாம். போனைச் சீக்கிரம் திருத்துங்கள்.

உங்கள் தங்கச்சி,
பஸ்னா


கிண்ணியா
11.02.2025

அன்புத் தங்கச்சிக்கு,

ஸலாம். உன் தடிமன் மாறியிருக்கும் என்று நினைக்கிறேன். இங்கேயும் பனிதான். உன் மதினி மல்லி அவித்துத் தருகிறாள், குடிக்கிறேன். வேறு குறை இல்லை.

ஒரே வாரத்தில் உன் ஆட்கள் லீக் கப்பில் லிவர்பூலிடம் நான்கு, எஃப்.ஏ. கப்பில் அஸ்டன் வில்லாவிடம் இரண்டு வாங்கினார்கள். இரண்டு கிண்ணமும் போயிற்று. கடிதத்தில் அனுதாபம் தெரிவிக்கலாமா என்று உன்னைக் கேட்காமலே தெரிவிக்கிறேன்.

டக்கில் என்னோடு வேலை செய்யும் தம்பிராசாவிடம் உன் கட்சியைச் சொன்னேன். அவர் ஆர்சனல் ஆள். டொட்டன்ஹாம் அவர்களுக்குப் பரம எதிரி; பெயரைக் கேட்டாலே கடித்துத் தின்ன அவருக்குப் பசி எடுக்கும். "வீட்டில சோறு வடிக்கத் தெரியாதவன் கந்தூரிக்குப் பந்தி வைக்கப் போறானாமா?" என்று கேட்டார். நானும் அதையே கேட்கிறேன். லீக் என்பது வீட்டுச் சோறு. அதில் பதினைந்தாவதாக இருப்பவன் ஐரோப்பாவில் என்ன செய்வான்?

போன் இன்னும் திருத்தவில்லை. கடைக்காரன் பாகம் வரவேண்டும் என்கிறான். ஸஹ்றாவிடம் மாமா கடிதத்தில் சொன்னதாக வாசித்துக் காட்டு: கத்தரிக்காயைத் தாண்டினால் அடுத்தது பருப்பு.

கணிப்பு: பதினாறாம் திகதி லீக் ஆட்டம், யுனைடெட் 2, டொட்டன்ஹாம் 0.

முனீப் காக்கா


அக்குறணை
26.02.2025

அன்புள்ள காக்காவுக்கு,

ஸலாம். சுகம், நீங்களும் சுகம் என்று கடிதம் சொல்கிறது.

பதினாறாம் திகதி முடிவு: டொட்டன்ஹாம் 1, யுனைடெட் 0. உங்கள் உறை என் மேசையில் இருக்கிறது. பெப்ரவரி 11 என்று முத்திரை தெளிவாக விழுந்திருக்கிறது. இந்தப் பருவத்தில் மூன்று தடவை சந்தித்தோம், மூன்றிலும் நாங்கள். தம்பிராசா அண்ணனுக்கும் அந்தப் பசிக்கும் என் ஸலாத்தைச் சொல்லுங்கள்.

ஒன்று கேட்கவேண்டும். மதினியின் போனுக்கு மூன்று முறை எடுத்தேன். அவவின் போனில் மைக் நல்லாக இருக்கிறது. "காக்காட்டக் குடுங்க மதினி" என்றால் முதல் முறை குளிக்கிறார் என்றா. இரண்டாம் முறையும் குளிக்கிறார். மூன்றாம் முறை, நான் கேட்கமுதலே, "குளிக்கப் போயிட்டாரு" என்றா. கிண்ணியாவில் தண்ணீர் அவ்வளவு மலிவா?

கோபம் என்றால் சொல்லுங்கள். நான் என்ன செய்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை.

நோன்பு வருகிறது. எங்களுக்கும் துஆ செய்யுங்கள். பெருநாளுக்கு இங்கே வருவதாகப் போன வருடம் வாக்குக் கொடுத்தீர்கள்.

கணிப்பு: அடுத்த சுற்றில் நாங்களும் நீங்களும் இருவருமே தாண்டுவோம்.

பஸ்னா


கிண்ணியா
21.03.2025

அன்புத் தங்கச்சிக்கு,

ஸலாம். மறுமொழி பிந்தியதற்கு நோன்பு காரணம் என்று எழுதலாம். கோபம் இல்லை. உன்னோடு கோபித்து எனக்கு என்ன லாபம்?

உன் கணிப்பு சரி. நீங்கள் ஒல்லாந்துக்காரரை ஊரில் வைத்து 3-1, நாங்கள் ஸ்பெயின்காரரை 4-1. எஃப்.ஏ. கப்பில் நாங்கள் பெனால்டியில் வெளியேறியதை, நீ எழுதமுதல் நானே எழுதிவிடுகிறேன். இனி இரண்டு பேருக்கும் ஐரோப்பா மட்டும்தான் மிச்சம். உன் கட்சி பக்கம் நானும் கொஞ்சம் வந்துவிட்டேன் என்று வைத்துக்கொள்.

பெருநாளுக்கு வர ஏலாது. டியூட்டி இருக்கிறது. கப்பலுக்குப் பெருநாள் தெரியாது. கோபிக்காதே.

ஸஹ்றாவுக்குப் பெருநாள் உடுப்பு மதினி அனுப்புகிறாள்.

கணிப்பு: கால் இறுதியில் நாங்கள் லியோனைத் தாண்டுவோம். நீங்கள் ஜெர்மனியில் விழுவீர்கள்.

முனீப் காக்கா


அக்குறணை
08.04.2025

காக்காவுக்கு,

ஸலாம். சுகம் விசாரிக்கும் இடத்தில் இந்த முறை உண்மையாகவே விசாரிக்கிறேன்.

கிண்ணியாப் பெருநாள் கிண்ண இறுதி ஆட்டத்தை ஊர்ப் பொடியன்கள் பேஸ்புக்கில் நேரடியாகப் போட்டார்கள். நானும் ஸஹ்றாவும் குசினியிலிருந்து ஓடிவந்து உட்கார்ந்தோம், உங்கள் குரலைக் கேட்க. இருபத்திரண்டு வருடமாக அந்த வர்ணனை மைக் உங்களுடையது. நீங்கள் "கோல்" என்று இழுத்தால் துறையில் நிற்பவனுக்கும் கேட்கும்.

மைக்கில் கலீலுர் றஹ்மான். "போல் போகுது… போகுது… போயிட்டு" என்கிறார். பந்து எங்கே போயிற்று என்று சொல்லவில்லை. ஸஹ்றா கேட்டாள், "உம்மா, மாமா எங்க?" டியூட்டி என்று சொன்னேன். அந்த நேரம் கமரா திரும்பியது. நீங்கள் மைதானத்து ஓரத்தில், கழுத்தில் சால்வை சுற்றி, கதிரையில் இருந்தீர்கள். கோல் விழுந்தது. எல்லோரும் கத்தினார்கள். நீங்கள் கை மட்டும் தட்டினீர்கள்.

மதினிக்கு எடுத்தேன். "இந்த முறை குளிக்கிறார் என்று மட்டும் சொல்லாதீங்க" என்றேன். அவ அழுதுவிட்டா.

ஜனவரி நடுவிலிருந்து குரல் இல்லை என்று சொன்னா. போன் பழுதில்லை. திருகோணமலையில் டொக்டர் பார்த்துவிட்டு, குரல்நாணில் ஏதோ வளர்ந்திருக்கிறது, கண்டிக்குப் போய் எடுத்துச் சோதிக்க வேண்டும் என்று சொல்லி இரண்டு மாதம். நீங்கள் போகவில்லை. இந்தக் கடித யோசனை ஏன் வந்தது என்று இப்போதுதான் விளங்குகிறது. எழுத்துக்குக் குரல் தேவையில்லை.

காக்கா, என் வீட்டிலிருந்து கண்டி ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் அரை மணித்தியாலம். மேல் அறையைக் கூட்டி வைத்திருக்கிறேன். வாப்பாவுக்கு நடந்ததால் பயப்படுகிறீர்கள் என்று தெரியும். வாப்பா பிந்திப் போனவர். நீங்கள் பிந்த வேண்டாம்.

இந்தக் கடிதத்தில் கணிப்பு இல்லை. அபராதம் போடுவதானால் போடுங்கள்.

பஸ்னா


கிண்ணியா
16.04.2025

பஸ்னாவுக்கு,

ஸலாம். உன் மதினியோடு இரண்டு நாள் கதைக்கவில்லை. கதைக்க ஏலாதவன் கதைக்காமல் இருப்பதில் என்ன பெரிய கோபம் என்று அவள் சிரிக்கிறாள். ஆகவே சமாதானமாகிவிட்டேன்.

வாப்பாவோடு ஆஸ்பத்திரியில் நின்றவன் நான். நீ அப்போது எட்டாம் வகுப்பு. கழுத்தில் துளை போட்டார்கள். அதன்பிறகு அவர் ஒரு சொல்லும் பேசவில்லை. என்னைக் கூப்பிட வேண்டுமானால் கட்டில் சட்டத்தில் மோதிரத்தால் தட்டுவார். வெட்டினால் நோய் நின்றுவிடும் என்றார்கள். ஏழு மாதத்தில் மௌத்து. வெட்டாமல் விட்டிருந்தால் கடைசி வரையாவது பேசியிருப்பார் என்பது என் எண்ணம். டொக்டர்கள் வேறு மாதிரிச் சொல்வார்கள். சொல்லட்டும்.

எனக்கு இது தொண்டைக் கட்டு. இருபது வருடம் கத்தியதற்குக் கூலி. ஓய்வு கொடுத்தால் மாறும்.

உனக்கு நான் கண்டிக்கு வரவேண்டும், அவ்வளவுதானே? சரி. டொட்டன்ஹாம் ஐரோப்பா லீக் கிண்ணத்தை எடுத்தால் வருகிறேன். அடுத்த பஸ்ஸிலேயே வருகிறேன். அதுவரை இந்தப் பேச்சை எடுக்காதே. கடிதத்திலும் வேண்டாம், மதினியிடமும் வேண்டாம்.

முதல் ஆட்டத்தில் சொந்த ஊரிலேயே 1-1 என்று நின்றவர்கள் நாளை ஜெர்மனியில் விளையாடுகிறார்கள்.

கணிப்பு: நாளையோடு முடிந்தது.

முனீப்


அக்குறணை
24.04.2025

அன்புள்ள காக்காவுக்கு,

ஸலாம். பந்தைப் பற்றி மட்டுமே எழுதுகிறேன்.

ஜெர்மனியில் டொட்டன்ஹாம் 1, பிராங்க்பர்ட் 0. பெனால்டி. உங்கள் உறையில் முத்திரை ஏப்ரல் 16. ஆகவே நீங்கள் எழுதிய எல்லாமே செல்லும், கணிப்பு மட்டுமல்ல. உறையை அலுமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறேன்.

உங்கள் யுனைடெட்டையும் பார்த்தேன். மேலதிக நேரத்தில் 4-2 என்று லியோன் முன்னால். நான் தொலைக்காட்சியை நிறுத்தப் போனேன். சரீப், "உங்கட காக்காட கிளப், கொஞ்சம் பொறுங்க" என்றார். கடைசி ஏழு எட்டு நிமிடத்தில் மூன்று கோல். 5-4. அந்த மூன்றாவது கோலுக்கு உங்கள் வீட்டில் என்ன சத்தம் கேட்டிருக்கும் என்று நினைத்தேன்.

அரை இறுதியில் எங்களுக்கு நோர்வேக்காரர். வடதுருவத்துக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் புல்லில் விளையாடுகிறவர்கள். உங்களுக்கு பில்பாவோ, இறுதி ஆட்டமே அவர்கள் மைதானத்தில்தான்.

கணிப்பு: நாங்கள் தாண்டுவோம். உங்களையும் தாண்டவிடச் சொல்லி துஆ கேட்கிறேன். பந்துக்காகத் துஆ கேட்பது சரியா என்று மௌலவியிடம் கேட்க வெட்கமாக இருக்கிறது.

இரவு படுக்கமுதல் சுடுதண்ணீர் குடியுங்கள். இது பந்துப் பேச்சில் சேர்ந்ததல்ல, மன்னிக்கவும்.

பஸ்னா


கிண்ணியா
14.05.2025

அன்புத் தங்கச்சிக்கு,

ஸலாம். சுகம் பற்றிய வரியை இந்த முறை விட்டுவிடுகிறேன்.

வெசாக் விடுமுறையில் தபாற்கந்தோர் பூட்டியிருந்தது. அதனால் இன்றுதான் போடுகிறேன்.

இப்படி ஆகும் என்று யார் நினைத்தது? லீக்கில் பதினாறாவதும் பதினேழாவதும் ஐரோப்பிய இறுதியில். நீங்கள் நோர்வேக்காரரை இரண்டு ஆட்டத்திலும் வென்றீர்கள். நாங்கள் பில்பாவோவுக்கு மொத்தம் ஏழு போட்டோம். ஊரில் இரண்டு கட்சி. சந்தியில் சிவப்புக் கொடி கட்டியிருக்கிறார்கள். வெள்ளைக் கொடி கட்டினால் மௌத்து வீடு என்று நினைப்பார்கள் என்று உங்கள் கட்சிக்காரர் கட்டவில்லை.

தம்பிராசாவுக்கு நமது பந்தயம் தெரிந்துவிட்டது. அசனா சொல்லியிருக்கிறாள். நேற்று டக்கில் தேநீர் குடிக்கும்போது என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"முனீப், யுனைடெட் வெண்டா உனக்குக் கிண்ணம். உன் தங்கச்சியின்ர ஸ்பேர்ஸ் வெண்டா உனக்குக் கண்டி. நீ யாருக்குக் கை தட்டப் போறாய்?"

பதில் சொல்ல எனக்குக் குரல் இல்லாதது வசதியாகப் போயிற்று. அவர் விடவில்லை.

"நான் ஆர்சனல்காரன். சாகும்வரைக்கும் ஸ்பேர்ஸுக்குக் கை தட்டமாட்டன் எண்டு இருந்தனான். இந்த ஒருநாள் மட்டும் தட்டுறன். உனக்காக இல்லை, அசனாவுக்காக."

கயிறு எறிய நேரம் வந்ததால் எழுந்து போய்விட்டார்.

உங்கள் அணியின் பலவீனம் நடுக்களத்தில். மூன்று முக்கியமான ஆட்கள் காயம். எங்களுக்கு முன்வரிசையில் கோல் அடிக்க ஆள் இல்லை. வெல்கிறவனுக்கு அடுத்த வருடம் சம்பியன்ஸ் லீக். தோற்கிறவனுக்கு ஐரோப்பாவே இல்லை. நல்ல ஆட்டமாக இருக்காது. ஒரு கோலில் முடியும்.

எல்லோருக்கும் ஸலாம்.

முனீப் காக்கா


அக்குறணை
19.05.2025

அன்புள்ள காக்காவுக்கு,

ஸலாம். உங்கள் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். ஒரு கோலில் முடியும் என்று எழுதியிருக்கிறீர்கள். யார் அடிப்பது என்று எழுதவில்லை. கணிப்பு இல்லாமல் நீங்கள் எழுதிய முதல் கடிதம் இது. சட்டப்படி கேள்வி கேட்கலாம். நான் கேட்கவில்லை.

கணிப்பு: டொட்டன்ஹாம் 1, யுனைடெட் 0.

திங்கட்கிழமை 26ஆம் திகதி கண்டியில் கிளினிக் என்று மட்டும் பொதுவாக எழுதி வைக்கிறேன். யாருக்காவது பயன்படலாம்.

பஸ்னா


கிண்ணியா
22.05.2025

தங்கச்சி,

ஸலாம். உன் கடிதம் இன்று காலைதான் வந்தது. முத்திரை 19. கணிப்பு செல்லும். ஸ்கோரும் சரி. பதினேழு வருடத்துக்குப் பிறகு உனக்கு ஒரு கிண்ணம். முபாரக்.

ஆட்டத்தைப் பற்றி இரண்டு வரி. முதற்பாதி முடியும் நேரம் உங்கள் பொடியன் அடித்தானா, எங்கள் ஆளின் கையில் பட்டதா என்று தெரியாத ஒரு கோல். பந்து வெட்கப்பட்டுக்கொண்டு உள்ளே போயிற்று. அதன்பிறகு நாங்கள் மட்டும்தான் விளையாடினோம். இரண்டாம் பாதியில் எங்கள் ஆள் தலையால் அடித்த பந்து, காப்பாளரையும் தாண்டி உள்ளே இறங்குகிறது. உங்கள் நெட்டைப் பின்காப்பு ஆள் கோட்டுக்கு மேலே பாய்ந்து, காலை மடித்து, பந்தை வெளியே கொத்தி எறிந்தான்.

நான் கதிரையை விட்டு எழுந்து கையை உயர்த்திவிட்டேன். வாயைத் திறந்தேன், காற்று மட்டும் வந்தது. அசனா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இஞ்ச பாருங்க, உங்கட ஆள் அடிச்ச கோல் தவறினத்துக்கா சந்தோஷமா எழும்பி நிக்கிறீங்க?" என்றாள். கால் விறைத்துவிட்டது என்று சைகையில் சொன்னேன்.

ஞாயிறு காலை பஸ்ஸில் வருகிறோம். கந்தளாய் தாண்டியதும் அசனா போன் எடுப்பாள். மச்சானை அக்குறணைச் சந்தியில் நிற்கச் சொல். மேல் அறைக்கு அவ்வளவு ஏற்பாடு வேண்டாம்.

முத்திரை விழுந்த பேச்சு. மாறமாட்டேன்.

முனீப்


அக்குறணை
18.06.2025

அன்புள்ள காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நேற்று மதினியிடம் போனில் சொல்லிவிட்டேன். நீங்களும் பக்கத்தில் நின்று கேட்டீர்கள் என்று தெரியும். கதிரை விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. ஆனாலும் முத்திரையோடு ஒரு சாட்சி இருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

சோதனை முடிவு வந்துவிட்டது. புற்றுநோய் இல்லை. குரல்நாணில் வெறும் சதை வளர்ச்சி. அதிகம் கத்துகிறவர்களுக்கு வருவது. முழுவதும் எடுத்தாயிற்று. டொக்டர் என்னிடம், "உங்கள் சகோதரர் என்ன, பாட்டுக்காரரா?" என்று கேட்டார். "இல்லை டொக்டர், யுனைடெட்" என்றேன்.

அல்ஹம்துலில்லாஹ். நான் ஆஸ்பத்திரிப் படியிலேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். சரீப் ஐஸ்கிறீம் வாங்கித் தந்தார், நான் சின்னப் பிள்ளை மாதிரி.

நீங்கள் போன பிறகு வீடு வெறிச்சென்று இருக்கிறது. ஒரு சொல்லும் பேசாத மனிதர் போனதற்கு இவ்வளவு அமைதியா என்று சரீப் கேட்கிறார். ஹஜ்ஜுப் பெருநாளன்று ஸஹ்றாவின் வெள்ளைப் பலகையில் நீங்கள் எழுதிய "இறைச்சியில் உப்புக் குறைவு" இன்னும் அழிக்கப்படவில்லை. அழிக்கவிடமாட்டேன் என்கிறாள்.

இன்னும் ஒரு கிழமை வாயைத் திறக்கக் கூடாது. கிசுகிசுக்கவும் கூடாது. நான் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

கணிப்பு: வருகிற பருவத்தில் நாங்கள் சம்பியன்ஸ் லீக்கில். நீங்கள் புதன்கிழமைகளில் வீட்டில் இருந்து எங்களைப் பார்ப்பீர்கள்.

பஸ்னா


கிண்ணியா
25.06.2025

அன்புத் தங்கச்சி பஸ்னாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகம். இந்தச் சொல்லை இந்த வருடம் எழுதிய எல்லாக் கடிதத்திலும் பார்க்க இதில்தான் யோசிக்காமல் எழுதுகிறேன்.

இன்று காலை திருகோணமலையில் டொக்டர் பார்த்தார். பேசலாம், மெதுவாக. ஆறு மாதத்துக்குக் கத்தக் கூடாது. முதற்சொல் என்ன சொல்வது என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் யோசித்தேன். கிண்ணியாப் பாலத்தில் பஸ் ஏறும்போது கொண்டக்டர் என் பக்கத்தில் வந்து, "எங்க இறங்கிற?" என்று கேட்டான். "சந்தி" என்றேன். அதுதான் முதற்சொல். அவனுக்கு ஒன்றும் தெரியாது. டிக்கட்டைக் கிழித்துத் தந்துவிட்டுப் போய்விட்டான். எனக்கு இறங்க மனம் வரவில்லை.

குரல் பழைய குரல் இல்லை. கொஞ்சம் மெலிவு. டக்கில் தம்பிராசா கேட்டுவிட்டு, "இதுவே காணும். முந்தி எங்களுக்குக் காது வலிச்சது" என்றார். மைக்கைக் கலீலுர் றஹ்மானிடமே விட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமை ஆட்டத்தில் அவன் பக்கத்தில் கதிரை போட்டு இருப்பேன். போல் எங்கே போயிற்று என்று அவனுக்கு மெதுவாகச் சொல்வேன். அவன் ஊருக்குச் சொல்வான்.

வாப்பாவைப் பற்றி நான் எழுதியதைத் திரும்ப எடுக்கவில்லை. ஆனால் அவரும் இரண்டு மாதம் முந்திப் போயிருந்தால் என்று மட்டும் இப்போது நினைக்கிறேன்.

சம்பியன்ஸ் லீக் பற்றிய உன் பெருமையைக் குறித்துக்கொண்டேன். எங்களுக்குப் புதன்கிழமை ஓய்வு; ஆகவே லீக்கில் உங்களுக்கு மேலே வருவோம். இது கணிப்பு. பருவம் தொடங்க இன்னும் நாள் இருக்கிறது, முத்திரை செல்லும்.

இந்தக் கடிதம் வரமுதல், நாளை அஸர் தொழுகைக்குப் பிறகு நான் போன் எடுத்திருப்பேன். கத்தரிக்காயைப் பற்றி ஸஹ்றாவுக்கும் புதிதாக ஒன்று சொல்லியிருப்பேன், சத்தம் இல்லாமல். ஆகவே இதில் உள்ளதெல்லாம் உனக்கு முதலே தெரிந்திருக்கும், ஒன்றைத் தவிர. அதைப் போனில் சொல்ல எனக்கு வராது.

மே 14 கடிதத்தில் விடுபட்ட வரி: டொட்டன்ஹாம் 1, யுனைடெட் 0.

முத்திரை பிந்திவிட்டது. செல்லாது என்று தெரியும்.

உன் காக்கா,
முனீப்